நாற்பத்திரண்டாம் குரல்

இருமலை வைத்துத்தான் அம்மா என்று கண்டுபிடித்தேன். பேசத் தொடங்குமுன் அவள் ஒரு முறை இருமுவாள். தொண்டையில் ஒன்றும் இருக்காது, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவதுபோல அது ஒரு பழக்கம். ஒலிப்பதிவில் ஒரு மணி பதினேழாவது நிமிடத்தில் அந்த இருமல் கேட்டது. நான் அதற்குள் "குரல் 42, பெண்" என்று தட்டச்சு செய்திருந்தேன். "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது குரல். என் விரல்கள் எழுத்துகளை விட்டுத் தாமாக எழுந்துவிட்டன. பத்து விநாடி பின்னால் ஓட்டினேன். மறுபடி இருமல். மறுபடி "ஐயா".

கூட்டங்களில் பேசியதைக் கேட்டு, பேசியபடியே எழுத்தில் இறக்குவது என் வேலை. சின்னக் கல்லூரிகளை மூடி, அங்கே படிப்பவர்களை நகரத்துப் பெரிய கல்லூரிக்கு மாற்ற அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதற்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். ஒரு குழு பதினோரு ஊர்களில் கூட்டம் போட்டுப் பதிவு செய்தது. பதிவுகளைப் பங்கு பிரித்துத் தருபவரை நாங்கள் கமா அக்கா என்போம். நான் அவரைப் பார்த்ததும் இல்லை, அவரோடு பேசியதும் இல்லை, எல்லாம் குறுஞ்செய்திதான். நான் தட்டச்சு செய்வது அவர் திரையிலும் தெரியும், ஒரு கமா விட்டுப்போனால் முகம் சிவந்த பொம்மை வந்து விழும். பேசியவர்களின் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும் போட வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு கட்டம் உண்டு. அதில் ஆதரவு, எதிர்ப்பு, சம்பந்தமில்லை என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். சம்பந்தமில்லாதவர்கள் அறிக்கைக்குப் போக மாட்டார்கள்.

மூன்றில் ஒன்றைக் குறிப்பது சுலபமாகத்தான் தெரியும். குரல் 3 ஒரு பேராசிரியர். இயற்பியலுக்கு ஆளே இல்லை, கணக்கு வாத்தியார்தான் அதையும் நடத்துகிறார், இப்படி வாங்கும் பட்டம் எதற்கு ஆகும் என்று கேட்டார். சரிதானே என்று தோன்றியது. குரல் 9 ஒரு மாணவி. நகரத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், வீட்டில் அதோடு படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்றாள். அதுவும் சரி. குரல் 16, கல்லூரி பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா, உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா என்றார். குரல் 20 ஜெராக்ஸ் கடைக்காரர். படிப்பைப் பற்றித் தொடங்கி ஜெராக்ஸ் மிஷினில் முடித்தார். அவர் பக்கமும் எனக்கு நியாயம் தெரிந்தது. நாற்பத்தொரு பேர் பேசி முடிப்பதற்குள் நான் நாற்பத்தொரு முறை கட்சி மாறியிருந்தேன்.

வீட்டில் யாரும் இல்லாதபோது இவர்களோடு வாய்விட்டே பேசுவேன். பதிவை நிறுத்திவிட்டு, "நீங்க சொல்றது சரிங்க, ஆனா ஒம்பதாவது குரல் சொன்னதுக்கு என்ன பதில்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். சுவரிடம் என் குரல் தடங்கலில்லாமல் வரும். பதினொன்றாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கு எழுப்பி நிறுத்தியபோது மட்டும் வரவில்லை. பதில் தெரியும், வாய்தான் திறக்கவில்லை. மணியடிக்கும்வரை நின்றேன். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் போனால் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. இப்படியே இரண்டு வருடம் ஆகிவிட்டது. படிப்பை விட்டுவிடுவது என்று நான் ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. ஏன் என்று அம்மாவும் கேட்டதில்லை. கேட்காததற்கு அவள்மேல் கோபமா நன்றியா என்று எனக்கே தெரியாது.

இந்தப் பதிவு அம்மா வேலை செய்யும் கல்லூரியில் எடுத்தது என்று காலையில் கோப்பின் தலைப்பைப் பார்த்தபோதே தெரிந்தது. அம்மா பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். அவளிடம் நான் இரண்டு வார்த்தை பேசுவேன். அதற்குமேல் போனால் குரல் தேய்ந்துவிடும்.

"அன்னிக்கு உங்க காலேஜ்ல கூட்டம் நடந்துச்சே. நீ இருந்தியாம்மா?"

"நாற்காலி போட்டேன், நாற்காலி எடுத்தேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்கென்னடி தெரியும்?"

"யாராச்சும் நல்லா பேசினாங்களா?"

"பேசத்தானே கூட்டம். எங்களை வாயே தெறக்கக் கூடாதுன்னு பிரின்சிபால் முன்னாடியே சொல்லிட்டாரு. தெறந்தா மறுநாள் துடைப்பத்தை வச்சிட்டுப் போகலாமாம். நீ முதல்ல எழுந்திருச்சுப் பல்லு தேய். அப்புறம் விசாரணை பண்ணலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அவள் குரல் என் காதுக்குள் இருந்தது.

"சொல்லுங்கம்மா, சுருக்கமா," என்றார் குழுத் தலைவர்.

"நான் இங்க பெஞ்சு தொடைக்கிறவ. மொத்தம் அம்பத்தாறு பெஞ்சு. அதுல பன்னெண்டுலதாங்க அழுக்கு இருக்கும். எண்ணெய்க் கறை, பேனாக் கிறுக்கல், பேரு செதுக்கினது. மத்ததுல வெறும் தூசி. அழுக்கு இருந்தா ஆள் உக்காந்துச்சுன்னு அர்த்தம்."

"அப்ப மூடிடலாங்கறீங்களா?"

"அந்தப் பன்னெண்டு பெஞ்சுப் புள்ளைங்க எங்கங்க போகும்?"

"அப்ப மூட வேண்டாங்கறீங்க."

"மத்த பெஞ்செல்லாம் ஏன் தூசியாக் கெடக்குன்னு யாருமே கேக்கலியே. வர்ற புள்ளைங்களை எங்க அனுப்புறதுன்னுதான் காலையிலேர்ந்து பேசுறீங்க. வராததுங்களைப் பத்தி ஒருத்தரும் பேசல. என் வீட்லயும் ஒண்ணு இருக்கு. பதினொண்ணாவதோட நின்னுட்டா. ஏன்னு நான் கேட்டதில்ல. கேட்டா அந்த ரெண்டு வார்த்தையும் நின்னுடுமோன்னு பயம். ஆனா யாரும் இல்லாதப்ப பேசுவாங்க அவ. வாத்தியார் மாதிரி, அவ்வளவு நல்லா. நான் வேலை முடிஞ்சு போய் வெளியில படியில உக்காந்துக்குவேன். முடிக்கட்டும்னு. நான் உள்ள போனா நிறுத்திடுவா. உங்க திட்டத்துல அவளுக்கு எந்த பெஞ்சு?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். "சரிம்மா, பதிவு பண்ணிக்கிட்டோம். அடுத்தவர்," என்றார் தலைவர். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

அம்மாவுக்கு வேலை பன்னிரண்டரைக்கு முடியும். கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். அவள் ஒன்றேகாலுக்குத்தான் வருவாள். கையில் சாவி இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாள். நடுவில் அரை மணி எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. காய்கறிக் கடை என்று நினைத்திருந்தேன், பல நாள் கையில் காய் இல்லாவிட்டாலும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இத்தனை நாள் நான் என்னென்ன பேசியிருப்பேன்? போன வாரம் வேறு ஊர்ப் பதிவில் ஒருவரோடு சண்டை போட்டபோது, "எங்கம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாதுங்க," என்று சொன்னேன். உரக்கவே சொன்னேன்.

கமா அக்காவின் செய்தி வந்தது. "42க்கு எதிர்ல கட்டம் காலியா இருக்கு கண்ணு. சொந்தக் கதைன்னா சம்பந்தமில்லைல போட்டுட்டு மேல போ. அஞ்சு மணிக்குள்ள வேணும்."

சம்பந்தமில்லை என்று போட்டுவிட்டால் அம்மாவுக்கு ஆபத்தில்லை. அறிக்கை எல்லாக் கல்லூரி முதல்வர்களுக்கும் போகும். அம்மாவின் கல்லூரியில் பெஞ்சு துடைப்பவர்கள் இரண்டே பேர், மற்றவர் ஆண். எண் போட்டு மறைத்தாலும் அவள் முதல்வர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். பதிவில் ஒரு மணி ஐந்தாவது நிமிடத்தில் முதல்வர் அவசர வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அம்மா அதுவரை பொறுத்திருந்து, பிறகுதான் இருமியிருக்கிறாள். அவளுக்குப் பயம் இருந்திருக்கிறது. பயத்தோடேதான் பேசியிருக்கிறாள்.

காதில் சரியாக விழாத இடத்தில் "தெளிவில்லை" என்று எழுத எங்களுக்கு அனுமதி உண்டு. "பெஞ்சு தொடைக்கிறவ" என்பதை அழித்துவிட்டுத் தெளிவில்லை என்று போட்டேன். ஆனால் துடைக்கிறவள் இல்லாமல் அந்த அழுக்கையும் தூசியையும் வேறு யார் பார்த்திருக்க முடியும்? பெஞ்சுகளையும் எடுத்தேன். வீட்டில் ஒன்று இருக்கிறது என்பதையும் எடுத்தேன். கடைசியில் "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா" மட்டும் மிஞ்சியது. எடுத்ததை எல்லாம் திரும்பப் போட்டேன். நாற்பத்தொரு பேரில் யாரும் கேட்காததை அம்மா கேட்டிருக்கிறாள். ஆதரவு என்று குறித்தேன், அழித்தேன். எதிர்ப்பு என்று குறித்தேன், அதையும் அழித்தேன். அவள் கேட்டதை வைக்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதனாலேயே அது சம்பந்தமில்லாததாகிவிடுமா? வைத்தால் அவள் வேலை போகலாம். எடுத்தால், அவள் எழுந்து நின்று பேசியது கோப்பிலிருந்தே போய்விடும். வாய் திறக்காமல் நின்றவள் நான். திறந்தவளின் வாயை மூடுவதும் நானா?

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது.

ஒரு பக்கம் முடிந்ததும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பது என் வழக்கம். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கதவின் பக்கம் பார்க்காமல், சுவரைப் பார்த்து வாசித்தேன். "நான் இங்க பெஞ்சு தொடைக்கிறவ. மொத்தம் அம்பத்தாறு பெஞ்சு." முதல் வரியில் குரல் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. கறை, கிறுக்கல், செதுக்கிய பெயர், தூசி. "என் வீட்லயும் ஒண்ணு இருக்கு," என்ற இடத்தில் மூச்சு வாங்கினேன். "முடிக்கட்டும்னு" வரை வந்தேன். "எந்த பெஞ்சு?" என்று முடித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் பதில் சொல்லத் தொடங்குவேன். இன்று அதே குரலில், அதேபோல் உரக்க, "இதை வைக்கவா, எடுக்கவா? நீயே சொல்லும்மா," என்றேன்.

வெளியே ஒரு பை சரசரத்தது.

திரையில் 42க்கு எதிரே காலிக் கட்டத்தில் கோடு மின்னி மின்னி மறைந்தது. கடிகாரம் ஒன்றேகாலைத் தாண்டியது. கதவு தட்டப்படவில்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் உயரத்துக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. அதில் இரண்டு பாதங்களின் நிழல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து ஒரு இருமல் கேட்டது.