எட்டாத வரிசை

போர் நினைவுச் சின்னத்தின் சுவர் பதினான்கு அடி உயரம். அதில் ஓர் அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது என்று ஆர்க்கிடெக்ட் ஒற்றைக் காலில் நின்றார். கல் வேலை மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"சார், மேல் வரிசைப் பேருங்க யார் கைக்கும் எட்டாதே."

"தொட்டுப் பாக்க இது என்ன துணிக்கடையா மேஸ்திரி? அண்ணாந்து பாக்கட்டும்."

மேஸ்திரி வேலையைப் பார்க்கத் திரும்பினார். படித்தவரோடு யார் மல்லுக்கட்டுவது?

பெயர்களை இறந்த தேதிப்படி மேலிருந்து கீழே அடுக்கியதும் ஆர்க்கிடெக்ட்தான். அவருடைய அக்காவின் ஒரே மகன், போரின் முதல் நாளே போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்காவுக்கு மிச்சம் இருக்கப்போவது அந்தக் கல்லில் வெட்டும் பெயர் ஒன்றுதான். அது உச்சி வரிசையில் வருகிறதே, தாய்மாமனாக இதைவிட என்ன செய்துவிட முடியும் என்று அவர் பூரித்துப்போயிருந்தார்.

ஆபீஸ் மேஜை மேல், அந்தச் சுவரைப் போலவே அட்டையில் செய்த ஒன்றரை அடி உயர மாதிரி ஒன்று இருந்தது. ஒரு நாள் அக்கா வந்து பார்த்தாள். பொடி எழுத்தில் இருந்த மகன் பெயரை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

"நல்லா இருக்குடா தம்பி."

ஆர்க்கிடெக்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டு மாதமாக அந்தச் சுவரை மேலிருந்து குனிந்தே பார்த்த மனிதர். மேஜை மேல் இருக்கும் சுவரில் உச்சி வரிசைதான் முதலில் கைக்குப் படும். அதையே தரையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது, ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவருக்குத் தோன்றவே இல்லை.

திறப்பு விழா முடிந்து பெரிய மனிதர்கள் கார் ஏறியதும், குடும்பங்கள் சுவரிடம் ஓடின. கீழ் வரிசைக்காரர்கள் பெயர்மேல் கன்னத்தை வைத்து அழுதார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். விரலுக்கு மேலே இன்னும் ஏழடி இருந்தது.

"எதுடா அவன் பேரு? கோடு மாதிரி தெரியுதே, அதுவா?"

"அதுதான்க்கா."

"படிக்கக்கூட முடியலையேடா."

ஆர்க்கிடெக்ட் தலையைத் திருப்பினார். மேஸ்திரி தூரத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"ஏணி கொண்டுவரச் சொல்லட்டுமாக்கா?"

"இந்த முழங்கால வச்சுக்கிட்டு நான் ஏணி ஏறவா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. "அந்த அட்டைச் சுவரு இருக்கா? அதுல எட்டுச்சே."

இருந்தது. நுழைவாயிலில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அக்காவைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். பெட்டியைத் தொடும் முன்னே காவல்காரர் ஓடிவந்தார்.

"கை வைக்காதீங்கம்மா!" ஆர்க்கிடெக்டைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "யாரையும் தொட விடக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்புங்க. எல்லாமே தப்பு. போய்ச் சாவிய எடுத்துட்டு வாங்க."

காவல்காரர் சாவிக்குப் போனார். அக்கா அதுவரை பொறுக்கவில்லை. கண்ணாடி மேலேயே, பெயர் தெரிந்த இடத்தில், விரலை வைத்துத் தடவ ஆரம்பித்திருந்தாள்.