மாப்பிள்ளை சரிசெய்த இணைப்பு

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டால் "நெட்வொர்க் சைடு" என்பார். அதற்கு மேல் கேட்டால் சிரிப்பார். அம்மாவுக்கு அந்தச் சிரிப்பே போதும், உச்சி குளிர்ந்துவிடும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இணைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் கம்பெனி இணைப்பை வாங்கி மாட்டினாள். என் போனில் இருந்த சிம்மையும் விட்டுவைக்கவில்லை. "நம்ம மாப்பிள்ளை கம்பெனி இருக்கும்போது ஊரான் கம்பெனி எதுக்குடி?" என்றாள். கம்பெனி என்னவோ அவருடைய தாத்தா எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து மாதிரி.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. நோயாளிகளின் அந்தரங்கம் என்பதால் எனக்கு வேலை கொடுத்த கம்பெனி ஒரு வி.பி.என். சேவை வழியாகத்தான் உள்ளே விடும். யாரும் எட்டிப் பார்க்க முடியாத தனிவழி அது. முன்பு நான் இருந்த அலுவலகத்தை இழுத்து மூடியபின், வீட்டில் சும்மா உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் வாயிலெல்லாம் விழுந்து, அப்புறம் தட்டுத்தடுமாறிக் கிடைத்த வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இது நடந்த அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் ஆகிவிடும்.

அன்று காலை வி.பி.என். திறக்கவில்லை. 'சர்வர் கிடைக்கவில்லை' என்று ஒரே பல்லவி. அந்தச் சேவையின் இணையதளமும் வரவில்லை. மற்றதெல்லாம் ஜோராக வருகிறது. அம்மா பார்க்கும் சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டுவது நிற்காமல் ஓடுகிறது. என் பிழைப்புக்குத்தான் வழி அடைத்துக்கொண்டது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். "மோடத்தை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க மேடம்" என்றாள் ஒருத்தி. பண்ணிவிட்டேன் என்றேன். "இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க மேடம்" என்றாள். அதையும் பண்ணினேன். மோடம் கண்ணைச் சிமிட்டியதோடு சரி. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம், உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு, என் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்று வேறு கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு மோடத்தைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

என்னோடு வேலை பார்க்கும் தோழியைக் கேட்டேன். அவளுக்கு வேறு கம்பெனி இணைப்பு, தடையில்லாமல் ஓடுகிறதாம். எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. இணையத்தில் பெயரைச் சொன்னால் விலாசம் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு, டி.என்.எஸ். என்பார்கள். ஒவ்வொரு இணைப்புக் கம்பெனியும் அதைத் தன் கையில் வைத்திருக்கும். 'அப்படி ஒரு பெயரே கிடையாது' என்று அது வாய் கூசாமல் பொய் சொன்னால் நாம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிதான் எனக்குத் தெரியாது. அதற்குள் மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது: "மூணு மணி ஷிஃப்டுக்கு உள்ளே வந்துடுங்க. வரலைன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் ரெடியா இருக்காங்க." சரி, தோழி வீட்டுக்கே போய்விடலாம் என்று கணினியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினேன்.

கதவைத் திறந்தால் எதிரே மாப்பிள்ளையும் தங்கையும் நிற்கிறார்கள். அம்மா போன் போட்டுவிட்டாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க அண்ணி? நான் எதுக்கு இருக்கேன்?" என்று பையை என் தோளிலிருந்து அவரே இறக்கினார்.

"இல்ல மாப்பிள்ளை, உங்க கம்பெனி டி.என்.எஸ்.லதான் ஏதோ தகராறு மாதிரி இருக்கு. தோழிக்கு நல்லா வருது. நான் அங்கேயே போய்—"

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. ரெண்டே நிமிஷம்."

"அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? சும்மா இரு" என்றாள் அம்மா. தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். சிம்மாசனம் ஏறினார் மாப்பிள்ளை.

அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் சொல்ல வேண்டும். முதலில் வைரஸ் என்றார். கணினி முழுக்கத் தேடியும் ஒரு வைரஸும் கிடைக்காததில் அவருக்கு ஏக வருத்தம். பிறகு ஒயர் என்றார். மேசைக்கு அடியில் புகுந்து ஒயரைக் கழற்றி, ஊதி, துடைத்து மாட்டினார். "பாவம், வேர்த்து ஊத்துது பாரு" என்று அம்மா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு அப்டேட் என்றார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "இந்த வி.பி.என். ஆப்தான் சொதப்புது" என்று சொல்லி அதன் மேல் கை வைத்தார்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! உள்ளே நுழைய ஆபீஸ்ல கொடுத்த ரகசியக் கோடு நம்பர் அதுக்குள்ள இருக்கு!"

அழித்தே விட்டார். "புதுசாப் போட்டுக்கலாம் அண்ணி" என்றார். புதிதாகப் போட அந்தச் சேவையின் தளம் திறக்க வேண்டுமே. அது எப்படித் திறக்கும்? தலையைச் சொறிந்தார்.

"முதல்ல சாப்பிடுங்க மாப்பிள்ளை, வேலை எங்கே போகுது" என்றாள் அம்மா. என் வேலை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அவர் நிதானமாக, இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவப் போனபோது மேசை மேல் இருந்த அவர் போன் அடித்தது. "எடுத்துக் கொடு அக்கா" என்றாள் தங்கை, தட்டுகளை அடுக்கியபடி. எடுத்தேன். திரையின் உச்சியில் குட்டியாக ஒரு சாவிப் படம். வி.பி.என். ஓடினால்தான் அது வரும். பக்கத்தில் வைஃபை அடையாளம். எங்கள் வீட்டு வைஃபை!

அவர் ஈரக் கையோடு வந்தார். போனை நீட்டினேன்.

"என் வீட்டு இணைப்புதானே இது? உங்க போன்ல மட்டும் வி.பி.என். எப்படி ஓடுது?"

மாப்பிள்ளை முழித்தார். "அது... டி.என்.எஸ். மாத்தி வெச்சிருக்கேன் அண்ணி" என்று மென்று முழுங்கினார்.

"எப்போ மாத்தினீங்க?"

"நேத்து. அடைக்க வேண்டிய வி.பி.என். பேர் லிஸ்ட் மேலேருந்து வந்துச்சு. நான்தான் ஏத்தினேன். வெளியே யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு. கஸ்டமர் கேட்டா கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லணும்."

"நான் கஸ்டமரா?"

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை தட்டைப் பார்த்தாள்.

"காலைல நான் கிளம்பினப்போ விட்டிருந்தீங்கன்னா இந்நேரம் உக்காந்து வேலை பார்த்துக்கிட்டிருப்பேன்."

"உங்ககிட்ட சொல்லி, நீங்க நாலு பேர்கிட்ட சொல்லிட்டீங்கன்னா? என் வேலைக்கு ஆபத்தாயிடுமே அண்ணி."

அடப்பாவி! வைரஸ் தேடியதும் ஒயரை ஊதியதும் வேர்த்து ஊற்றியதும் வெறும் நாடகம். இந்த ஆளுக்கு நான் எழுந்து நின்று மரியாதை வேறு கொடுத்துக்கொண்டிருந்தேன். "நீங்க மாத்திப் போட்ட டி.என்.எஸ். நம்பரைச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். கணினியின் அமைப்புகளில் டி.என்.எஸ். என்ற இடத்தில் அவர் கம்பெனி எண்ணை அழித்து, வேறொரு பொதுச் சேவையின் எண்ணைப் போட்டேன். நிஜமாகவே இரண்டு நிமிஷம்தான். தளம் திறந்தது, ஆப்பும் இறங்கியது. கோடு கேட்டது. அந்தக் கோடு அழிந்த ஆப்போடு போய்விட்டது. புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லி மேற்பார்வையாளருக்கு எழுதினேன், போன் செய்தேன், மறுபடி எழுதினேன். மூன்று மணி தாண்டிய பிறகு பதில் வந்தது. "உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. இதுவரை செஞ்சு கொடுத்ததுக்கு நன்றி."

உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நடந்தது நடந்துபோச்சு. மாப்பிள்ளை சொன்னதை மட்டும் வெளியில சொல்லிடாதேம்மா. அவர் வேலை போயிடும்."

கையை உருவிக்கொண்டேன். அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

மாடி வீட்டுக்காரப் பெண். வீட்டிலிருந்தே எங்கோ ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவள். அவளுக்கும் மாப்பிள்ளை கம்பெனி இணைப்புதான். மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி நின்றாள். முகம் அழுதுவிடும்போல இருந்தது.

"காலைலேருந்து வி.பி.என். வரவே இல்லைங்க. இன்னைக்குள்ள கணக்கை முடிச்சு அனுப்பலைன்னா என்னை வேலையிலேருந்து எடுத்துடுவாங்க. உங்க மாப்பிள்ளை வந்திருக்காராமே, கொஞ்சம் பார்க்கச் சொல்றீங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும். அந்த ஆப்பை அழிச்சிட்டு ஒரு தடவை—"

"அழிக்காதீங்க!" என்று நான் போட்ட கத்தலில் அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"உள்ளே வாங்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "உங்க கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. இவங்க கம்பெனிதான் அடைச்சிருக்கு, இவர்தான் அடைச்சவர். எப்படித் திறக்கறதுன்னும் இவருக்குத் தெரியும். தன் போன்ல நேத்தே திறந்து வெச்சுக்கிட்டார். உக்காருங்க, சொல்லித் தருவார்."

மாப்பிள்ளைக்காகத் தங்கை இழுத்துப் போட்ட நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள்.

"நம்பரைச் சொல்லுங்க சார்" என்றாள்.