இரண்டு வாய்க் கிண்ணம்

பூட்டுக்காரருக்குத் தன் நிழல் மேலேயே நம்பிக்கை கிடையாது. பாட்டன் காலத்து மரக்கிண்ணத்தை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பூட்டுப் போட்டு, இருபத்தெட்டு வருஷமாகச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தவர். கிண்ணத்துக்கு இரண்டு வாய். உடம்பெல்லாம் கொடி செதுக்கியிருக்கும். பறவைக் கழுத்துதான் பிடி. அந்த வீட்டில் கல்யாணம் பேசி முடித்தால் சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் அதில் குடிக்க வேண்டும். ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் பேச்சு முறிந்தது.

நாளைக்கு மகளுக்கு நிச்சயம். காலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், கிண்ணம் சல்லடையாக ஒழுகியது.

"போச்சு, எல்லாம் போச்சு!"

"சம்பந்தியக் கூப்பிடுங்க. அவருக்குத் தெரியாத மரச்சாமானா?" என்றாள் மனைவி.

அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பழம்பொருள் கடைக்காரர். பெண் கேட்டு வந்த அன்றே பெண்ணைவிடக் கிண்ணத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். இதைத் தட்டிக்கொண்டு போகத்தான் சம்பந்தமே பேசுகிறாரோ? ஆணியை எடுத்து, கிண்ணத்தின் அடியில் சாவி மாதிரி ஒரு கீறல் போட்டார். கிண்ணத்தை மாற்றி வைத்தால் ஆள் மாட்டிக்கொள்ளட்டும்.

கடைக்காரர் வந்து விரிசலைத் தடவினார்.

"அனலடிக்கிற இரும்புப் பெட்டியிலயா வச்சீங்க? மரம் காஞ்சு சுருங்கிடுச்சு. வாளித் தண்ணியில முக்கி வைங்க, சாயங்காலத்துக்குள்ள ஊறித் தானா மூடிக்கும்."

பூட்டுக்காரர் வாளிக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். கடைக்காரரும் எழுந்து போகவில்லை. சந்தேகம் இரட்டிப்பானது.

சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கித் துடைத்த கடைக்காரர், அடியைப் பார்த்து அலறினார்.

"ஐயய்யோ, புதுக் கீறல்! இதை இனிமே எவன் வாங்குவான்?"

"அப்போ வாங்கத்தான் வந்தீங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க! அது கடைப் பழக்கத்துல வாயில வந்தது. முப்பது வருஷமா இந்த மாதிரி கிண்ணத்தக் கண்ணாடிக்குள்ள வச்சு வித்திருக்கேன். ஒண்ணுலயாவது ஒரு மடக்கு குடிச்சதில்ல. இதுல குடிக்கத்தான் வந்தேன், சம்பந்தி!"

பூட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடியே, பழச்சாறு கொண்டா! நாளைக்கு வரைக்கும் இவரு தாங்க மாட்டாரு!"

இரண்டு வாயிலும் இருவர் வாய் வைத்தார்கள். நெற்றியும் நெற்றியும் முட்டின. மனைவி தரையில் குனிந்து சொட்டுத் தேடினாள். ஒழுகவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்காரருக்குப் புரையேறி, சாறு முழுக்கப் பூட்டுக்காரரின் சட்டையில் தெறித்தது.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"சட்டைதானேப்பா, தரையில்லையே!" என்று கத்தினாள் மகள்.

பூட்டுக்காரர் சட்டை நுனியை அவசரமாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார், ஒரு சொட்டும் கீழே விழாமல்.