ஐந்து நட்சத்திர இடுப்புப் பட்டை

1999-ஆம் வருடம் ஜூலை முப்பத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு ஓசூர் பாறையேறுவோர் சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். இடம், தாலுகா ஆபீஸ் சாலையில் லால் பாஷாவின் கம்ப்யூட்டர் சென்டர், மாடி. கதவைப் பார்த்த சுழல் நாற்காலியில் செயலாளர் சௌந்தரராஜன். அந்த அறையில் சுழல் நாற்காலி ஒன்றுதான். அவர் வந்தால் அது அவருக்கு. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டூலில் திம்மப்பன், மடியில் விலைச்சீட்டு கிழிக்காத புதுப் பை. ஜன்னலோரம் டைப்ரைட்டிங் பெஞ்சில் முனிலட்சுமி. லால் பாஷா கடைக்குச் சொந்தக்காரர், ஆகவே அவருக்கு இடம் இல்லை. ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். ஜமீர் அகமது உட்கார்ந்திருந்தது பெங்களூர்க் கம்பெனி அனுப்பிய அட்டைப் பெட்டியின் மேல். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததால் கொஞ்சம் அழுத்தியே உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தைக் கூட்டியவர் அவர்தான். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சிப்காட்டில் வேலை செய்யும் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறும் சப்பாத்துமாகக் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் ஏறி இறங்குவார்கள். மூன்று வருடம் அப்படியே ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு லால் பாஷா இன்டர்நெட் இணைப்பு வாங்கினார். பெங்களூரில் யாரோ ஒருவர் நடத்திய இன்டர்நெட் பலகையில் தென்னிந்தியாவின் பாறையேறிகள் எல்லாரும் எழுதிக்கொள்கிறார்கள் என்பது தெரிய வந்தது. எந்தப் பாறையில் எந்தப் பிளவு, எங்கே தேன்கூடு, எங்கே தண்ணீர் என்று முதலில் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு ஏறப் போனார்கள். அந்தக் காலம் ஆறு மாதம் இருந்தது.

அதற்குப் பிறகு கம்பெனி வந்தது. பாறையேறும் சாமான்கள் செய்கிற கம்பெனி. பலகையை நடத்துகிறவருக்கு டெலிபோன் பில்லைக் கட்டியது. எழுதுகிறவர்களுக்குச் சாமான்களைச் சும்மா அனுப்பியது. பெட்டி வந்து சேர்ந்த ஏழு நாளைக்குள் ஒரு மதிப்புரை எழுதிப் பலகையில் போட வேண்டும், ஐந்துக்கு நாலு நட்சத்திரம் குறையாமல் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

இவ்வளவுதான் நிபந்தனை என்றதும் நம் ஆட்களுக்கு எழுத்து எங்கிருந்துதான் வந்ததோ. திம்மப்பனுக்கு ஏழாம் நம்பர் சப்பாத்து வந்தது. அவர் கால் ஒன்பது. காலின் இரண்டாவது தோல் போல இருக்கிறது என்று எழுதி, ஐந்து நட்சத்திரம் போட்டு, சப்பாத்தை அத்திப்பள்ளியில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். சுண்ணாம்புப் பொடி வைக்கும் பை ஒன்று வந்தது. அதில் அவர் மனைவி சென்னம்மாள் கோலமாவு வைத்திருக்கிறாள், அதற்கும் ஐந்து. மழைச்சட்டை ஏப்ரல் மாதம் வந்தது. ஏப்ரலில் ஓசூரில் மழை எங்கே. ஆனாலும் சௌந்தரராஜன் பேய்மழையில் மூன்று மணி நேரம் பாறையில் தொங்கியதாகவும் பனியன்கூட நனையவில்லை என்றும் எழுதினார். நனையாதது உண்மைதான். சட்டை பாலிதீன் உறையை விட்டு வெளியே வரவேயில்லை.

ஜமீர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு இருந்தார். சப்பாத்து கடித்தால் காலைத்தானே கடிக்கும். ஆனால் மே மாதம் இடுப்புப் பட்டை வந்தது. கயிற்றை மனிதனோடு பிணைப்பது அந்தப் பட்டைதான். அது அவிழ்ந்தால் மற்றது எதுவும் இருந்து பயனில்லை. “நீங்க இன்ஸ்பெக்ஷன்ல இருக்கீங்க. உங்க பேர்ல வந்தா வெயிட்டா இருக்கும்” என்று சௌந்தரராஜன்தான் அவரிடம் கொடுத்தார்.

ஜமீருக்கு வேலை, டூவீலர் உதிரிபாகத் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிப்பது. பதினாலு வருடம். பட்டையையும் அப்படியே சோதித்தார். வீட்டு மாடிப்படிக் கம்பியில் கட்டி எண்பது கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். வாரை வளையத்தில் ஒருமுறை நுழைத்து இழுத்துவிட்டால் நாலு நிமிடத்தில் நழுவியது. அதே வாரை மறுபடி மடித்து வளையத்துக்குள் திருப்பி நுழைத்தால் ஒரு நாள் முழுக்க அசையவில்லை. எட்டு குறிப்புகளாக எழுதினார். நாலாவது குறிப்புக்கு அடியில் இரண்டு கோடு போட்டார்: மறுமடிப்பு இல்லாமல் உபயோகிக்கவே கூடாது. கையெழுத்துப் போட்டு, டைப் அடித்துப் பலகையில் ஏற்றச் சொல்லி, சௌந்தரராஜனிடம் கொடுத்தார்.

கொடுத்ததோடு விட்டுவிட்டார். அங்கேதான் தப்பு. தொழிற்சாலையில் ‘டீவியேஷன்’ என்று ஒரு சீட்டு உண்டு. சோதிக்கிறவன் கூடாது என்று ஒதுக்கிய சரக்கை, இன்றைக்கு லாரி ஏறியாக வேண்டும் என்று உற்பத்தி மேனேஜர் ஒரு கையெழுத்தில் உள்ளே விடுவது. சௌந்தரராஜன் வேறொரு தொழிற்சாலையில் உற்பத்தி மேனேஜர். அந்தக் கை சும்மா இருக்குமா என்று ஜமீர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மணிக்கு அறுபது ரூபாய் கொடுத்து நான் எழுதியதை நானே படிப்பதா என்று அவர் பலகைப் பக்கமே போகவில்லை.

“படிக்கிறேன், கேளுங்க” என்று ஜமீர் கடிதத்தைப் பிரித்தார்.

“மரியாதைக்குரிய ஜமீர் அகமது சார் அவர்களுக்கு, சாமல்பட்டி பக்கம் கல்குவாரி மேஸ்திரி சென்னகிருஷ்ணன் எழுதுவது. தாங்கள் கம்ப்யூட்டரில் எழுதியதை எங்கள் முதலாளியின் பெங்களூர் ஆபீசில் பிரின்ட் எடுத்து அனுப்பினார்கள். அதைப் பார்த்துப் பன்னிரண்டு பெல்ட் வாங்கியிருக்கிறோம். இதுவரை கயிற்றை இடுப்பில் முடிந்துதான் தொங்கினோம். வாரை இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று தாங்கள் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். வளையத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். ஆடிப் பதினெட்டுக்குக் குவாரி லீவு. வியாழக்கிழமை ஆட்கள் இறங்குகிறார்கள். அதற்குள் ஒரு வரி எழுதிப் போடவும்.”

ஜமீர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நான் எழுதினது எட்டு பாயின்ட்” என்றார் ஜமீர். “நேத்து லால் பாஷா பிரின்ட் எடுத்துக் குடுத்தாரு. பலகையில அஞ்சு நட்சத்திரம் இருக்குது, என் பேர் இருக்குது, என் கம்பெனி டெசிக்னேஷன் இருக்குது. நான் எழுதினது ஒரு வரி இல்ல.”

“லாங்குவேஜ் கொஞ்சம் பாலிஷ் பண்ணேன்” என்றார் சௌந்தரராஜன்.

“தானே பூட்டிக்கும்னு எங்க இருந்து பாலிஷ் பண்ணீங்க?”

“பிரோஷர்ல இருந்தது.”

“அது மூவாயிரம் ரூபா மாடலோட பிரோஷர். அதுல வளையமே வேற.”

திம்மப்பன் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். “எல்லாம் ஒரே கம்பெனிதானே பாய். இவங்க எதுக்கு இதைப் படிச்சாங்க? குவாரிக்காரங்களுக்கா நாம எழுதினோம்? நாம ஸ்போர்ட்ஸ்.”

“ஆமா திம்மப்பண்ணா. நீங்க மச்சானுக்காக எழுதினீங்க.”

முனிலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி வேலை. இவர்களில் உண்மையாகவே நன்றாகப் பாறையேறுகிறவள் அவள் ஒருத்திதான். அவளிடம் யாரும் மதிப்புரை கேட்டதில்லை.

“பிராக்டிகலா பேசுவோம்” என்று சௌந்தரராஜன் நாற்காலியைச் சுழற்றினார். “கம்பெனி நம்ம அஞ்சு பேரையும் செப்டம்பர்ல மணாலிக்கு அனுப்புது. ரயில், சாப்பாடு, டென்ட், எல்லாம். இப்ப போயி பலகையில பெல்ட் நழுவுதுன்னு போட்டா என்ன ஆகும்? மேஸ்திரிக்கு ஒரு கார்டு போடுங்க, ‘உபயோகிக்கும் முன் கையேட்டைப் படிக்கவும்’னு. ஆயிடுச்சு.”

“கையேடு இங்கிலீஷ்ல இருக்குது.”

“அது அவங்க பிராப்ளம்.”

ஜமீர் லால் பாஷாவைப் பார்த்தார். அவர் வந்து திம்மப்பனை ஸ்டூலிலிருந்து எழுப்பினார். மோடம் கீச்சிட்டு முடிந்ததும் ஜமீர் சொல்லச் சொல்ல நாலே வரி அடித்தார்: பட்டை நழுவும், மறுமடிப்பு கட்டாயம், முந்தைய மதிப்புரை என்னுடையது அல்ல, ஜமீர் அகமது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். மணாலிக் குளிரைப் பற்றித் திம்மப்பன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் பலகை நடத்துகிறவரிடமிருந்து பதில் வந்தது. சாமான்களைப் பற்றிய எதிர்க்கருத்துகளைக் கம்பெனி பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியிட முடியும். கம்பெனியின் சம்பந்தப்பட்ட அதிகாரி பத்தாம் தேதி வரை ஊரில் இல்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

“நன்றியாமாம்” என்றார் லால் பாஷா.

“பார்த்தீங்களா, ஒரு சிஸ்டம்னு இருக்குது” என்றார் சௌந்தரராஜன். குரலில் நிம்மதி தெரிந்தது.

ஜமீர் எழுந்தார். உட்கார்ந்திருந்த பெட்டியைத் திறந்து ஒரு பட்டையை எடுத்தார். கூரை விட்டத்தில், பழைய கடைக்காரர் தராசு மாட்டிய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. கயிற்றை அதில் போட்டு இழுத்துப் பார்த்தார்.

“வாங்க சார். மாட்டிக்குங்க. உங்க பாலிஷ் பிரகாரமே வாரை ஒரு இழுப்பு இழுத்துவிடறேன். காலைத் தூக்கிக்கிட்டு அஞ்சு நிமிஷம் தொங்குங்க. நழுவலேன்னா நான் ஆறு நட்சத்திரம் போடறேன்.”

“விளையாடறீங்களா?”

“தரைக்கு ரெண்டு அடி சார்.”

“விழுந்தா முதுகு பிடிச்சுக்கும்யா. எனக்கு ஏற்கெனவே டிஸ்க் பிராப்ளம்.”

“அவங்க தொங்கறது அறுபது அடி” என்றார் ஜமீர். “சரி, திம்மப்பண்ணா வாங்க. நீங்களும் அதுக்குக் கீழ ‘முழுமையாக ஆமோதிக்கிறேன்’னு எழுதியிருக்கீங்க.”

“ஐயோ ஆளை விடு குரு. நான் இப்பதான் இட்லி சாப்பிட்டேன்.”

பட்டை ஜமீர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் பேய்மழையில் தொங்கின மனிதர் சுழல் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். பதினாலு வருடத்தில் ஜமீர் எத்தனையோ கழிவுச் சரக்கைப் பார்த்திருக்கிறார். இரும்பு இந்த அளவுக்குப் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை.

“இதை இப்படியே எழுதி அனுப்பறேன்” என்றார்.

முனிலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “ஜமீர்ண்ணா, மேஸ்திரிக்கு எழுதுங்க. எழுதத்தான் வேணும். ஆனா கம்பெனிக்குத் தெரிய வேணாமில்ல? நான் பனி பார்த்ததே இல்ல. பக்கத்து வீட்டக்காகிட்ட ஸ்வெட்டர்கூட கேட்டு வச்சிருக்கேன்.”

அவளிடம் மட்டும் கோபப்பட முடியவில்லை. “கம்பெனிக்கும் ஒரு நகல் போகுதும்மா” என்றார். “இன்னும் எத்தனை பேர் வாங்கியிருக்காங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.”

சௌந்தரராஜன் எழுந்து நின்றார். “அப்ப சங்கத்துல இருந்து உங்க பேரை எடுத்துடறேன்.”

“மொதல்ல அந்தப் பலகையில இருந்து எடுங்க. ஒரு மணி நேரமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

சௌந்தரராஜன் படியிறங்கிப் போனார். திம்மப்பன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார். முனிலட்சுமி பெஞ்சை விட்டு எழுந்து, உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள் என்பது போல ஒதுங்கி நின்றாள்.

ஜமீர் கார்பன் வைத்து எழுதினார். தேதி, இடம், பெறுநர், பொருள். பர்கூர் அரசுப் பள்ளியில் தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்த வரிசை. இன்றுவரை அவர் அதை மாற்றியதில்லை.

‘ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. 1. தாங்கள் வளையத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டது சரி. 2. அந்தப் பட்டை தானே பூட்டிக்கொள்ளாது. வாரை வளையத்தில் நுழைத்து, இறுக்கி, மடித்து, மறுபடியும் அதே வளையத்துக்குள் திருப்பி நுழைக்க வேண்டும். நுனி நாலு விரல் நீளம் வெளியே நிற்க வேண்டும். படம் கீழே. 3. ஒருவர் மாட்டியதை இன்னொருவர் பார்த்த பிறகே இறங்கவும். 4. பன்னிரண்டையும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மணல் மூட்டை கட்டி முதலில் சோதிக்கவும். எழுதியவன் சொன்னான் என்று நம்ப வேண்டாம், நான் உட்பட. 5. அந்த மதிப்புரையை எழுதியது நான் அல்ல. அதை எழுதியவர்கள் பட்டையைப் போட்டுப் பார்த்தவர்கள் அல்ல. இன்று காலை போடச் சொல்லியும் மறுத்துவிட்டார்கள். ஆனால் என் பெயரில் என்ன வெளிவந்தது என்று மூன்று மாதம் போய்ப் பார்க்காதவன் நான். அதற்கு மன்னிக்கவும். 6. இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடவும். புதன்கிழமை மாலைக்குள் ஒப்புகை வராவிட்டால் வியாழன் காலை முதல் பஸ்ஸில் நேரில் வருகிறேன்.’

படத்தை முனிலட்சுமி வரைந்தாள். வளையம், வார், அம்புக்குறி. அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. ஜமீர் அதைப் பட்டையோடு வைத்து ஒத்துப் பார்த்தார். மூன்றாவது அம்புக்குறியை இன்னும் தடிமனாகப் போடச் சொன்னார்.

போஸ்ட் ஆபீசில் பதிவுத் தபால் கவுன்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. கம்பெனிக்கான நகலை வெளியே இருந்த பெட்டியில் சாதாரணத் தபாலாகப் போட்டார். அவர்களுக்கு அது போதும். சாமல்பட்டிக் கவரை மடித்து, பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு ஓரம் முழுக்கத் தடவி, மேஜை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார்.

“ஒப்புகை அட்டை வேணுமா?” என்றார் குமாஸ்தா.

“வேணுங்க. திங்கட்கிழமை போயிடுமா?”

“கிருஷ்ணகிரி போயி ஊத்தங்கரை போகணும். திங்க, இல்லேன்னா செவ்வாய். உள்ள என்ன, பணங்கிணம் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“கடுதாசிதாங்க.”

குமாஸ்தா எடை போட்டார், ஸ்டாம்பு ஒட்டினார், எண் எழுதினார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். ஜமீர் கவரையும் திரும்ப வாங்கி, ரசீதில் இருந்த எண்ணையும் கவரில் இருந்த எண்ணையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கவரைத் திருப்பிக் கொடுத்தார். அது கிருஷ்ணகிரிப் பைக்குள் விழுந்தது. பையின் வாயைச் சுருக்கிச் சணல் கட்டி, அரக்கு வைத்து, ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார்.