முதலில் வந்த உதறல்

கண்ணாடிக் கடைக்காரி ஒரு கையால் அலமாரிக் கதவுக்கு அளவெடுத்துக்கொண்டே, மறுகையில் போனைப் பிடித்துத் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். தங்கை இருப்பது மலையடிவார ஊரில். பஸ்ஸில் போனால் அரை நாள் பிடிக்கும்.

பேச்சு நடுவில் தங்கை அலறினாள். “அக்கா! ஆடுதுக்கா! வீடே ஆடுது!”

அதோடு போன் செத்துவிட்டது.

இங்கே கடையில் ஒரு கண்ணாடித் துண்டுகூட அசையவில்லை. ஆனாலும் அவள் அளவு நாடாவைக் கீழே போட்டாள். “தங்கச்சி வீடு ஆடுதாம்! எல்லாரும் வெளிய வாங்க!” என்று கத்தியபடி, மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“உங்க தங்கச்சி வீடு ஆடினா நாம ஏம்மா ஓடணும்?” என்று முனகிக்கொண்டே கடையில் கண்ணாடி வெட்டுபவரும் பின்னால் வந்தார்.

எதிரே இருந்த வெட்டவெளியில் போய் நின்று மூச்சு வாங்கும்போது, கடைக்குள் அத்தனை கண்ணாடியும் குளிரில் பல் தந்தியடிப்பதுபோல் கிடுகிடுத்தது. பிறகு அடங்கியது.

“இவ்வளவுதானா?” வெட்டுபவர் கடைப்பக்கம் காலெடுத்து வைத்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அடுத்த நொடி தரை பக்கவாட்டில் ஆடியது. ஆளுயரக் கண்ணாடி ஒன்று சரிந்து சுக்குநூறானது.

மாலையில் தங்கை கூப்பிட்டாள். கீறல்கூட இல்லை. அக்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் மகள் விடவில்லை, போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சித்தி, உங்களுக்கு முதல்ல உதறிட்டு அப்புறமா ஆடுச்சா?”

“உதறலாவது ஆட்டமாவது! எல்லாம் ஒண்ணாத்தான்டி வந்து தூக்கிப் போட்டுச்சு.”

துறைமுக ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு அடுத்த போன். அந்த ஊர் சித்தி ஊரிலிருந்து இன்னும் தள்ளி. “முதல்ல லேசா ஒரு நடுக்கம். அது முடிஞ்சு, எழுந்து பனியனை மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தப்புறம்தான் ஆடுச்சு” என்றார் அவர்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூரம் கூடக் கூட இடைவெளியும் கூடுகிறதே, ஏன்? அந்தக் குடைச்சல் தாங்காமல் கடைக்காரி மறுநாள் நிலநடுக்க ஆய்வு நிலையத்துக்கே போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். எடுத்த அதிகாரி, “கண்ணாடி விழுந்ததைக் கடைக் கேமரா புடிச்சிருக்கா? எடுத்துட்டு வாங்களேன்” என்றாள்.

விடுமுறையன்று போனார்கள். அதிகாரி படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.

“பூகம்பத்துல கிளம்புறது ரெண்டு அலை. ரெண்டு பேர் ஒரே இடத்துல கிளம்புறாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தன் வேகமா ஓடுறவன், பாறையை முன்னும் பின்னும் தள்ளிக்கிட்டே வருவான். அவன்தான் உங்க கண்ணாடியை உதறினவன். இன்னொருத்தன் மெதுவா வருவான், ஆனா முரடன். பாறையைக் குறுக்கே ஆட்டுவான். கிளம்புற இடத்துல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருப்பாங்க?”

“ஓடினா தூரம் ஆக ஆக முரடன் பின்தங்கிடுவான்!” என்றாள் மகள். “சித்தி வீட்டுக்குப் பக்கத்துலதான் கிளம்பியிருக்காங்க!”

“கிளப்பினது யாரு?” என்றாள் தாய்.

“பூமியோட ஓடு பெரிய பெரிய துண்டா இருக்கு. நகம் வளர்ற வேகத்துல அதெல்லாம் நகருது. ஓரத்துல ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். பாறை வளைஞ்சு வளைஞ்சு பொறுத்துக்கும். பொறுக்க முடியாதப்ப விட்டுத் தெறிக்கும்.”

கடைக்காரிக்குச் சட்டென்று பிடிபட்டது. “கோடு கிழிச்ச கண்ணாடியை வளைக்கிற மாதிரி. கொஞ்சம் வளையும், அப்புறம் படார்னு கோட்டோட விட்டுடும்.”

“அதேதான். பழைய பிளவுதான் அந்தக் கோடு.”

“அப்போ எரிமலை?” என்று மகள் ஆரம்பித்தாள்.

“அதுவும் பெரும்பாலும் அதே துண்டுகளோட ஓரத்துலதான். ஒரு துண்டு இன்னொண்ணுக்கு அடியில புதைஞ்சா, கூடவே கடல்தண்ணியும் போகும். தண்ணி சேர்ந்தா அடியில இருக்கிற சூடான பாறை சுலபமா உருகும். உருகினது லேசு, மேல ஏறும். உள்ளே அடைபட்ட வாயு அதைப் பீச்சி அடிக்கும். குலுக்கின சோடா பாட்டில் பார்த்திருக்கியா?”

கேட்டுக்கொண்டே மகள், நில அதிர்வுக் கருவியின் திரையில் நெளிந்து ஓடும் கோட்டைப் பார்த்தாள். “நான் குதிச்சா இதுல தெரியுமா?”

“குதிச்சுத்தான் பாரேன்.”

குதித்தாள். கோடு துள்ளியது. அவள் கூச்சலில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கடைக்காரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“தள்ளு. அம்மா எவ்வளவு பெரிய பூகம்பம்னு பார்த்துடலாம்.”