நோவியை விளக்கிய மதியம்

கானாவின் தலைநகர் அக்ராவில், அந்த அரங்கில் ஏசி வேலை செய்யவில்லை. வந்திருந்த புரோகிராமர்கள் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ட்ஸிஃபாவுக்கு அது உறைக்கவே இல்லை. அவளும் எலிக்கெமும் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு வருடம் எழுதிய, ஆப்கள் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கை ஊருக்குக் காட்டும் நாள். ‘நோவி’ என்று பெயர். எவே மொழியில் உடன்பிறப்பு. வைத்தவன் எலிக்கெம்.

“வோல்டா ஏரியில ஒரு தீவு,” என்று ஆரம்பித்தாள். “நர்ஸ் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுட்டுப் போன்ல பதியறாங்க. பாதியில சிக்னல் போயிடுது. நம்ம ஆப் என்ன பண்ணும்? சுத்திக்கிட்டே இருக்கும். நர்ஸ் நம்மளத் திட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க.”

அரங்கு சிரித்தது. எல்லோரும் பட்ட பாடுதான்.

“நோவியில எழுதின ஆப் அதைப் போன்லயே பத்திரமா வச்சிருந்து, சிக்னல் வந்ததும் தானா அனுப்பிடும். இதுக்காக ஒவ்வொரு ஆப்புக்கும் நீங்க மண்டைய உடைச்சுக்க வேணாம். நாங்க ஒரு தடவை உடைச்சுக்கிட்டோம், போதும். இது எல்லாருக்கும் பொது. யாரும் வந்து பூட்டு போட மாட்டாங்க.”

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஹோ நகரத்து மவூசி. சுகாதார நிலையங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவள்.

“சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. இப்பத்தான் உங்க பக்கத்தைத் திறந்து பாத்தேன். காலையில உரிமத்த மாத்தியிருக்கீங்களே. இனிமே ஒரு கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணுமாம்.”

“இருக்காதே,” என்று சிரித்தபடி ட்ஸிஃபா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பின்னாலிருந்த பெரிய திரையிலும் அது விரிந்தது. மாற்றியவர்: எலிக்கெம். கணக்கு அவன் பெயரில்தான் இருந்தது. யார் பெயரில் இருந்தால் என்ன என்று அதைத் தொடங்கிய அன்றைக்குச் சொன்னவள் அவளேதான்.

வாசலோரம் நின்றிருந்த எலிக்கெம் மேடைக்கருகே வந்தான். “சாலே,” என்றான், நண்பர்களைக் கூப்பிடும் அக்ரா வழக்கில். “அப்புறம் பேசிக்கலாம். கம்பெனிக்காரங்க எடுத்துக்கறாங்க. உனக்கும் பங்கு இருக்கு.”

“எப்ப முடிவாச்சு?”

“போன மாசம்.”

“நேத்துகூட ஒத்திகை பாத்தோமே. அந்தப் பூட்டு வரிய இன்னும் அழுத்திச் சொல்லுன்னு நீதான சொன்ன?”

எலிக்கெம் தரையைப் பார்த்தான். “நீ சொன்னா நம்புவாங்க. நெறையப் பேரு சேரணும்னு கம்பெனில கேட்டாங்க.”

விற்றதைக்கூட அவள் என்றாவது ஒருநாள் மறந்திருப்பாள். அவள் வாயை எடுத்துப் பொய்க்கு வாடகை விட்டிருந்ததை மறக்க முடியாது. தண்ணீர் குடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“நோவி செய்யும்னு நான் சொன்னதெல்லாம் நிஜம். கடைசி வரி மட்டும் பொய்னு எனக்கே இப்பத்தான் தெரியும். நேத்து வரைக்கும் வெளியானதுக்குப் பழைய உரிமம். அத யாராலயும் திருப்பி வாங்க முடியாது. வேணுங்கறவங்க இப்பவே இறக்கிக்கோங்க. புதுசத் தொடாதீங்க.”

“எல்லாத்தையும் கெடுத்துட்ட,” என்றான் எலிக்கெம். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் மடிக்கணினிகளைத் திறந்தார்கள்.

“பழசுல கோளாறு வந்தா யாரு பாக்கறது?” என்று கேட்டாள் மவூசி.

“நான் பாக்கறேன்.”

ட்ஸிஃபா மேடையிலிருந்து இறங்கி, மவூசியின் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தொடங்குவது என்று காட்டினாள். விரல்கள் தப்புத் தப்பாகத் தட்டின. ஓரிடத்தில் சந்தேகம் வர, “எலிக்கெம், இது…” என்று பழக்கத்தில், அவன் எப்போதும் உட்காரும் இடப்பக்கம் திரும்பினாள். மவூசி கேட்காததுபோல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.