கை வைக்கக் கூடாத பாட்டில்

அன்று காலை அவர் கடைசியாகச் செய்த வேலை, துருப்பிடித்த அச்சுத்தண்டு ஒன்றை வினிகருக்குள் இறக்கியதுதான். யாரோ மழைத் தண்ணீரில் ஆசைதீர ஓட்டிவிட்டு, துடைக்காமல் மூட்டை கட்டிப் போட்டிருந்த ரிமோட் கார். முந்தின நாள்தான் பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்திருந்தார். பிரித்துப் பார்த்தால் இரும்பாக இருந்ததெல்லாம் காவி நிறம். பதினெட்டுத் திருகு, இரண்டு அச்சு, ஒரு பற்சக்கரம். எல்லாவற்றையும் அகலவாய் பாட்டிலில் போட்டு வினிகரை ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தார்.

"சாயங்காலம் நான் வந்து எடுத்துக்கறேன். உனக்குப் புண்ணியமாப் போகும், இதுல கை வைக்காதே" என்றார் மனைவியிடம்.

அவள் கணக்கு டீச்சர். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். போன தடவை அவர் பிரித்துப் போட்ட வண்டியின் திருகுகளை அளவுவாரியாக அடுக்கிப் பெரிய உபகாரம் செய்திருந்தாள். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மனுஷர் ஒரு வாரம் திண்டாடிப்போனார்.

"உங்க பொக்கிஷத்தை யாரு தொட்டா" என்று, திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

சாயங்காலம் அவர் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அங்கேயே சாய்ந்துவிட்டார்.

வீடு ஆட்களால் நிரம்பியது. பிறகு மெல்ல வடிந்தது. யார் யாரோ பாத்திரம் கழுவினார்கள், துணி மடித்தார்கள். ஜன்னல் பாட்டிலை மட்டும் டீச்சர் யாரையும் தொடவிடவில்லை. தானும் தொடவில்லை. சித்தப்பா ஒருவர் மட்டும் அதை இருமல் மருந்தென்று நினைத்து யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி விழுங்கியிருக்கிறார். பிற்பாடு அவரே வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். இருமல் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் கிளம்பிப்போய், நாத்தனார் மட்டும் மிச்சம். பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறவள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, அண்ணன் மை கிய் காய்ச்சினானா? இப்படிக் கறுத்திருக்கு?"

"கீழே வை. அவரோட வண்டி சாமான். துரு போறதுக்கு ஊறுது."

"என்னிக்குப் போட்டது?"

டீச்சர் சொன்னாள். நாத்தனாரின் முகம் மாறியது. "ஒரு ராத்திரி ஊறினா போதும் அண்ணி. அதுக்கு மேல விட்டா துருவைத் தின்னு முடிச்சிட்டு இரும்பைத் தின்ன ஆரம்பிச்சிடும்."

டீச்சர் பாட்டிலருகே வந்து குனிந்து பார்த்தாள். அவர் கை பட்ட கடைசி வேலை. அதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று பாழாக்கிவிட்டாளா?

"கை வைக்காதேன்னு அவர்தானே சொன்னார்..."

"சாயங்காலம் வரைக்கும்தானே சொன்னான். ஆயுசுக்குமா சொன்னான்? டீ வடிகட்டியை எடுங்க."

வடிகட்டியில் கொட்டி டீச்சர் எண்ணினாள். பதினெட்டும் இருந்தன. கறுத்திருந்தன, ஆனால் மரை தேயவில்லை. வினிகர் வற்றியதில் ஓர் அச்சு மட்டும் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நீர் நின்ற கோட்டில் மோதிரம் போட்டதுபோல ஒரு பள்ளம். வண்டியை மறுபடி பூட்டி ஓட்டினால் அது தாங்குமா என்பதில்தான் எல்லாம் இருந்தது.

ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் முக்கி மிச்சப் புளிப்பை முறித்தார்கள். டீச்சர் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தாள். நாத்தனார் கைப்பையிலிருந்து பல்காரை சுரண்டும் கொக்கியை எடுத்துப் பற்சக்கரத்தின் இடுக்குகளைச் சுரண்டினாள்.

"வலிச்சா கையைத் தூக்குங்க" என்றாள் பற்சக்கரத்திடம். "இருபத்திநாலு பல்லு, ஒண்ணுகூட சொத்தையில்ல. எங்க டாக்டர் பார்த்தா அழுதுடுவார்."

ஈரம் போகத் தலை உலர்த்தும் மெஷினைப் போட்டதும் வீட்டுக் கரண்ட் போய்விட்டது. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் இறந்துபோனவரின் உயிர் நண்பர். வந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றார்.

"டீச்சர், இந்தத் தகர டப்பா ஓடினா என் மீசையை எடுத்துடறேன்னு அவன்கிட்ட பந்தயம் கட்டினேன். அவனுக்காக நானே எடுத்துடலாம்னு இருக்கேன்."

"சும்மா எடுத்தா அது பந்தயமில்ல, மொட்டை" என்றாள் டீச்சர். "ஓடட்டும், அப்புறம் எடுங்க. முதல்ல ஃபியூஸைப் போடுங்க."

எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று சொல்ல ஆளில்லை. டீச்சர் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் அளந்து, திருகுகளை அளவுவாரியாகப் பிரித்துக் கொடுத்தாள். தையல் மெஷின் எண்ணெயில் தொட்டு நாத்தனார் முடுக்கினாள். எலெக்ட்ரீஷியன் பேட்டரிக்கு வயர் வைத்துக்கொண்டே புலம்பினார்: "என் மீசைக்கு நானே குழி வெட்டறேன் பாருங்க."

டீச்சர் ரிமோட்டை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். பள்ளம் விழுந்த அச்சு ஒருமுறை முனகிற்று. பிறகு சுழன்றது. வண்டி கூடத்தைக் கடந்து பாய்ந்து நாத்தனாரின் கால் கட்டைவிரலில் மோதி, அவளை நாற்காலிமேல் ஏற்றிவிட்டது. சிரித்தது தான்தான் என்று டீச்சருக்கு ஒரு கணம் கழித்தே உறைத்தது.

ஒரு மணி நேரத்தில் எலெக்ட்ரீஷியன் வெறும் உதட்டோடு திரும்பி வந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து "யார் வேணும்?" என்று கேட்டாளாம்.

வண்டி இடப்பக்கம் இழுப்பதை அப்போதுதான் மூவரும் கவனித்தார்கள்.

"முன்சக்கரத்துல சின்னக் கோணல். பிரிச்சுத் தட்டிடவா?" என்றார் அவர்.

"இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்றாள் டீச்சர்.

மூன்று வருஷம் ஆகிறது. வண்டி இன்னும் இடப்பக்கம்தான் இழுக்கிறது.